சுவரில் ஏழாவது வரி

அந்தச் சிவப்பு வண்டி மூன்று வாரமாக மூக்கரின் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது.

இரண்டே பேர் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். வயது முப்பத்தெட்டு. கார்புரேட்டர் போய், பெட்ரோலை அளந்து பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் புதிதாக வந்த காலத்தில் செய்தது. அழகுக்கு அழகு, வீம்புக்கு வீம்பு. காலையில் சாவியைத் திருப்பினால் சொன்ன பேச்சு கேட்கும். அரைமணி நேரம் ஓடிச் சூடேறிய பிறகு ஒரு பத்து நிமிடம் நிறுத்திவிட்டு மறுபடி கிளப்பிப் பாருங்கள், அப்போது தெரியும் அதன் குணம். இருமும், குலுங்கும், பின்னால் கரும்புகையைக் கக்கும், நாலு பேர் வேடிக்கை பார்க்கும் இடமாகப் பார்த்து நின்றுவிடும். பல் டாக்டர் அம்மா அதை ஆசையாக வாங்கியவர். "நீங்க ஒரு தடவை மோந்து பாத்தா போதும் மாஸ்டர்" என்று சொல்லித்தான் ஷெட்டில் விட்டுவிட்டுப் போனார்.

மூக்கர் என்றதும் பெரிய மூக்கு என்று நினைத்துவிட வேண்டாம். யாருக்கும் இருக்கிற மூக்குதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு அவர் செய்த வித்தை கொஞ்சநஞ்சமில்லை. ஆயில் கம்பியை உருவி மூக்கருகே கொண்டுபோய், "பெட்ரோல் கலந்திருக்கு" என்பார். ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஒரே இழுப்பு: "கேஸ்கெட் போச்சு." கிளட்ச் தீய்ந்த வாடை வேறு, பிரேக் தீய்ந்த வாடை வேறு, ஒயர் தீய்ந்த வாடை வேறு என்று தனித்தனியாகச் சொல்லுவார். வண்டி விட வருகிறவர்கள் கூடவே ஒரு நண்பனையும் கூட்டிக்கொண்டு வருவார்கள், அந்த மோந்து பார்க்கிற காட்சியைக் காட்டுவதற்கு. இருபத்தாறு வருடமாக அந்த ஷெட்டில் யாரும் அவர் வாயிலிருந்து "தெரியல" என்ற சொல்லைக் கேட்டது கிடையாது.

அவர் மனைவி தையல்காரி. துணி தைப்பவள் இல்லை. வண்டி சீட்டு தைப்பவள். ஷெட்டின் வலது மூலையில், ஜன்னலை ஒட்டி அவளுடைய கனத்த மெஷின். தோலும் ரெக்சினும் பஞ்சும் சுற்றிக் கிடக்க, நடுவில் அவள். கணவன் இன்ஜினைப் பிரித்துப் போட்டிருக்கும்போது அதே வண்டியின் சீட்டை இவள் பிரித்துப் போட்டிருப்பாள். சாயங்காலம் படியேறினால் மாடியில் வீடு. சண்டை போட்டாலும் எட்டடி தூரத்துக்குள் போட்டாக வேண்டிய வாழ்க்கை.

மூக்கருக்கு ஒரு வழக்கம். எந்த வண்டி வந்தாலும் சுவரில் கறுப்புப் பெயின்ட் அடித்த இடத்தில் தேதி போட்டு, பார்க்க வேண்டியதையெல்லாம் சாக்பீஸால் வரிவரியாக எழுதிவிடுவார். ஒவ்வொன்றாகப் பார்த்து, சரியாக இருந்தால் டிக். டிக் போட்ட வரியை மறுபடி திரும்பிப் பார்க்க மாட்டார். "போட்ட டிக்கையே சந்தேகப்பட ஆரம்பிச்சா இந்த ஜென்மத்துல ஒரு வண்டியும் வெளிய போகாது" என்பார். சிவப்பு வண்டிக்குப் பதினொரு வரி. ப்ளக், ப்ளக் ஒயர், காற்றை அளக்கும் பெட்டி, சூட்டை அளக்கும் சென்சார், பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர் என்று எல்லாம் இருந்தது. இன்ஜெக்டர்களைக் கழற்றி வெளியூருக்கு அனுப்பிக் கழுவிக்கொண்டு வந்தாகிவிட்டது. பம்ப்பின் வால்வு புதிது. சென்சார் புதிது. பதினொன்றுக்கும் டிக் விழுந்துவிட்டது, வண்டி மட்டும் இருமிக்கொண்டே இருந்தது.

புதன்கிழமை மழை கொட்டித் தீர்த்தது. தகரக் கூரையின் சத்தத்தில் பேசுவதே கத்துவதாக இருந்தது. அந்த மழையில் தையல்காரியின் தம்பி வந்தான். டயர் குடோன் வைத்திருப்பவன். குடையை மடக்குவதற்கு முன்பே பேச்சை ஆரம்பித்துவிடுகிற ஆள்.

"மாமா, திங்கக்கிழமையிலேருந்து ஸ்டோர் கீப்பர் இடம் காலி. உங்களுக்குன்னு சொல்லி நிறுத்தி வெச்சிருக்கேன். ஃபேனுக்கு அடியில உக்காந்து பாக்கற வேலை. குனிய வேணாம், நிமிர வேணாம்."

வருடத்துக்கு ஒரு முறையாவது அவன் இதைச் சொல்லுவான். "டயரை எண்ணிக்கிட்டு உக்காந்தா எனக்கே காத்து எறங்கிடும் மச்சான்" என்று மூக்கர் சிரித்து அனுப்பிவிடுவார். அந்தச் சிரிப்புக்காகத் தையல்காரி மெஷினை நிறுத்திக் காத்திருந்தாள்.

"சனிக்கிழமை சொல்றேன்" என்றார் மூக்கர். "இந்த வண்டி சரியாகலேன்னா வந்துடறேன்."

தம்பிக்கே தூக்கிவாரிப் போட்டுவிட்டது. அக்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கொண்டுவந்த ரொட்டிப் பொட்டலத்தை மேஜையில் வைத்துவிட்டு, மழையிலேயே கிளம்பிப் போனான்.

"நெசமாவா சொன்னீங்க?" என்றாள்.

"ஒரு வண்டிய மூணு வாரமாப் பாத்தும் என்னன்னு சொல்லத் தெரியாதவனுக்கு ஷெட்டு ஒரு கேடா?"

"அது மட்டும்தானா காரணம்?"

"வேற என்ன?"

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் மழையைப் பார்த்தார்.

வேறு என்ன என்பது அவளுக்குத் தெரியும். அதுதான் அவள் நெஞ்சில் பத்து நாளாக முள்ளாகக் கிடந்தது. பத்து நாளுக்கு முன் ஒரு காலை அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனாள். மழைத் தூறல் போக்குக் காட்டியதில் கொடியை மாற்றிக் கட்டிவிட்டுத் திரும்பி வர நேரமாகிவிட்டது. மாடிப்படியிலேயே தீய்ந்த நாற்றம் ஆளைத் தள்ளியது. உள்ளே ஓடினால், அடுப்புக்கு முதுகைக் காட்டி, நாலடி தூரத்தில் நாற்காலி போட்டு மூக்கர் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். பாத்திரம் கருகி, அறையில் நீலப் புகை கட்டி நிற்கிறது. "ஐயோ, பால்!" என்று அவள் கத்திய பிறகுதான் மனிதர் திரும்பினார். திரும்பியவர் முகத்தில் தெரிந்தது அதிர்ச்சி இல்லை, பயம். "பேப்பர்ல மூழ்கிட்டேன்" என்றார்.

அவளுக்குச் சுருக்கென்றது. வண்டி வருவதற்கு முன் ஐந்து நாள் அவருக்குக் காய்ச்சல். காய்ச்சல் விட்டதிலிருந்து சாப்பாட்டில் ஒரு குறை சொல்லவில்லையே, உப்பு கூட என்று வாய் திறக்கவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. மறுநாள் கடையில் வாசனையே இல்லாத வெள்ளை சோப்பாகப் பார்த்துக் கேட்டு வாங்கி வந்து குளியலறையில் வைத்தாள். "புது சோப்பு வாசனை எப்படி?" என்று கேட்டாள். "ஜம்முனு இருக்கு" என்றார், தலையைத் துவட்டிக்கொண்டே. அதற்கும் மறுநாள் ஊசி தேடப் போனபோது அவருடைய டூல் பெட்டியில் ப்ளக் ஸ்பேனருக்கு அடியில் மூக்குச் சொட்டு மருந்து இரண்டு பாட்டில் கிடந்தது. ஒன்று காலி.

கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்கென்று ஒரு ரோஷம் கிடையாதா, அவராகச் சொல்லட்டும் என்று வாயைக் கட்டிக்கொண்டாள். ஆனால் ஒவ்வொரு நாளும் அவர் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்து கைகழுவப் போகும்போது அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

வியாழக்கிழமை மழை விட்டது. சிவப்பு வண்டியின் சீட்டும் தைத்து முடிந்திருந்தது. "உக்காந்து பாத்தாதான் பஞ்சு சரியா இருக்கான்னு தெரியும், நானும் வர்றேன்" என்று அவள் ஏறிக்கொண்டாள். ஈரச் சாலையில் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. மேட்டுச் சாலையில் கியரை மாற்றி அவர் மிதித்தபோது இன்ஜின் ஒரு பாட்டம் உறுமியது பாருங்கள், அவள் தன்னையறியாமல் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். பல நாளைக்குப் பிறகு பார்க்கிற சிரிப்பு.

மேட்டின் உச்சியில் டீக்கடை. இரண்டு டீ குடிக்கப் பத்து நிமிடம். திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் வழக்கமான கூத்து. ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, சுற்றுகிறது, இன்ஜின் இருமுகிறது, கரும்புகை கடைக்குள்ளேயே போகிறது. டீக்கடைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்.

"என்ன மூக்கரே, பெட்ரோல் குப்புனு அடிக்குது! தீப்பிடிச்சிடப் போகுதுய்யா!"

மூக்கர் கதவைத் திறந்து இறங்கினார். முகத்தைக் கொஞ்சம் தூக்கி, காற்றை இரண்டு தடவை இழுத்தார். கண்ணைக் கூடச் சுருக்கிக்கொண்டார். "ஆமா ஆமா," என்றார். "பெட்ரோல் ஜாஸ்தியா குடிக்குது. இப்படித்தான் வரும்."

தையல்காரி தலையைக் குனிந்துகொண்டாள். நடிக்கத் தெரியாத மனிதர் நடுரோட்டில் நடிப்பதைப் பார்க்க அவளால் முடியவில்லை. தன் மேல்தான் அவளுக்குக் கோபம் வந்தது. என்ன பெரிய ரோஷம், இவரை இப்படி நிற்க விட்டுவிட்டு?

ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்து எப்படியோ கிளப்பி ஷெட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அவர் பானெட்டைத் தூக்கிவிட்டு, எதைத் தொடுவது என்று தெரியாமல் இடுப்பில் கைவைத்து நின்றார். அவள் நேராகச் சுவருக்குப் போனாள்.

மூன்று வாரமாகக் கண்ணெதிரே இருந்த எழுத்துதான். இன்றைக்குத்தான் வரிவரியாகப் படித்தாள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு கணக்கு இருந்தது: மீட்டர் காட்டிய எண், கேஜ் காட்டிய எண். ஏழாவது வரிக்கு மட்டும் எண் இல்லை. 'ரெகுலேட்டர் குழாய். மோந்தாச்சு' என்று எழுதி டிக் போட்டிருந்தது. மேலே தேதியைப் பார்த்தாள். காய்ச்சல் விட்ட மறுநாள். 'இன்னும் ரெண்டு நாள் படுங்க' என்று அவள் கத்தக் கத்த அவர் கீழே இறங்கி வந்த அதே நாள்.

அந்த வரியின் மேல் விரலை வைத்தாள்.

"ஏங்க, இந்த ஏழாவது எது?"

"அது பாத்தாச்சு."

"பாத்தது சரி. எதுன்னு காட்டுங்களேன்."

அவர் சலித்துக்கொண்டே காட்டினார். இன்ஜின் மேல் ஒரு சின்ன உருண்டை டப்பா. "இதுக்குள்ள ஒரு ரப்பர் சவ்வு இருக்கு. அந்தப் பக்கம் பெட்ரோல், இந்தப் பக்கம் காத்து. காத்துப் பக்கத்துலேருந்து இந்தக் குழாய் இன்ஜினுக்குள்ள போகுது. சவ்வு கிழிஞ்சிருந்தா பெட்ரோல் கள்ளத்தனமா இந்தக் குழாய் வழியா உள்ள போயிடும். குழாய உருவி மோந்து பாத்தா தெரிஞ்சிடும். மொத நாளே மோந்துட்டேன். சுத்தமா இருக்கு."

அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு, சூடான குழாயைப் பிடித்து இழுத்தாள். பொசுக்கென்று கழன்று வந்தது. மூக்கருகே கொண்டுபோகக்கூட இல்லை. ஒரு முழ தூரத்திலேயே பச்சைப் பெட்ரோல் நெடி மண்டைக்கு ஏறியது. இருமல் வந்தது. அடக்கிக்கொண்டு குழாயின் முனையை அவரிடம் நீட்டினாள்.

"இன்னொரு தடவை மோந்து பாருங்க."

அவர் அவளைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். பிறகு குனிந்து, முனையில் மூக்கை வைத்து, நெஞ்சு விரிய ஒரு இழுப்பு இழுத்தார்.

"ஒண்ணும் இல்லையே," என்றார். "நல்லாத்தான இருக்கு."

"எனக்குக் கண்ணு எரியுதுங்க."

கூரையிலிருந்து மிச்சமிருந்த மழை வாளிக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. மூக்கர் டூல் பெட்டியின் மேல் மெதுவாக உட்கார்ந்தார். ஒரு நொடியில் பத்து வயது கூடிப்போன மாதிரி இருந்தது.

"எப்பலேருந்து தெரியும் உனக்கு?"

"பால் தீஞ்ச அன்னிக்கே."

"அப்ப அந்த சோப்பு?"

"அதுல வாசனையே கிடையாது. வாசனை இல்லாத சோப்புன்னு கேட்டு வாங்கினேன்."

"ஜம்முனு இருக்குன்னேனே."

"ஆமா. ஜம்முனு இருக்குன்னீங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது பாதியில் உடைந்து வேறு எதுவோ ஆனது. கிரீஸ் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சளி எறங்கினா வந்துடும்னு நெனச்சேன். ஒரு வாரம் பாத்தேன், ரெண்டு வாரம் பாத்தேன். பெட்ரோல் துணிய மூஞ்சில வெச்சிக்கிட்டு நிக்கறேன், தண்ணித் துணி மாதிரி இருக்கு. ஊருல என் பேரே மூக்கர். இத வெளிய சொன்னா சிரிக்க மாட்டாங்களா? எவன் நம்பி வண்டி விடுவான்?"

"ஊர விடுங்க. ஊரா உங்களுக்கு ஆக்கிப் போடுது? என்கிட்ட ஏன் சொல்லல?"

"உன்கிட்ட சொல்லிட்டா அது நெசமாயிடும்னு பயமா இருந்துச்சு" என்றார்.

அவ்வளவுதான், பத்து நாளாக அவள் கட்டி வைத்திருந்ததெல்லாம் அவிழ்ந்துவிட்டது. "அடுப்புல கேஸ் கசிஞ்சா என்ன ஆவீங்கன்னு ஒரு நிமிஷம் யோசிச்சீங்களா? இந்தக் குழாயில ஒரு பொறி விழுந்திருந்தா? நானும் அந்த வண்டியிலதான உக்காந்து வந்தேன்!" என்று கத்தினாள். கத்திக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே, "எனக்கும் புத்தி இல்ல. சீட்டு தைக்கும்போதே பெட்ரோல் வாடை வந்துச்சு. உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிடப் போகுதுன்னு விட்டுட்டேன்" என்றாள்.

மூக்கர் தலையை நிமிர்த்தினார். "சீட்டு வரைக்குமா வந்துச்சு?"

"வந்துச்சு."

"சூடா இருக்கும்போதா, ஆறின பிறகா?"

"ஓட்டிட்டு வந்து நிறுத்தினப்புறம். காலையில வராது."

அவர் எழுந்துவிட்டார். அதுதான் அந்த மனிதர். உலகமே இடிந்து விழுந்தாலும் ஒரு துப்பு கிடைத்தால் போதும், கால் தானாக நடக்கும். மூலையில் கொத்தனார் யாரோ விட்டுப்போன மட்டம் பார்க்கும் குழாய் கிடந்தது. கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற பிளாஸ்டிக். அதில் ஒரு சாண் வெட்டினார்.

"உன் மூக்க நம்பறேன். ஆனா நான் கண்ணால பாக்கணும். இல்லேன்னா என் மனசு ஆறாது."

ரப்பர் குழாய் இருந்த இடத்தில் அதை மாட்டினார். தீப்பிடித்தால் கொட்ட, மண்ணை அள்ளி வாளியில் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னார். அவள் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். இருமி, குலுங்கி, இன்ஜின் பிடித்தது. அவள் இறங்கி வர, இருவரும் குனிந்து பார்த்தார்கள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு டப்பாவின் வாயில் ஒரு துளி திரண்டது. நடுங்கியது. குழாயின் சுவரை ஒட்டி ஊர்ந்து, சட்டென்று இன்ஜினுக்குள் இழுபட்டது. அதன் பின்னாலேயே இன்னொன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று.

"அடிப்பாவி!" என்றார் மூக்கர். வண்டியைச் சொன்னாரா, மனைவியைச் சொன்னாரா தெரியவில்லை. "நிறுத்து, நிறுத்து! இதாண்டி, இதேதான்! நிறுத்தினப்புறமும் சொட்டிக்கிட்டே இருந்து உள்ள குளமா தேங்கி நிக்குது. அப்புறம் எப்படி மூச்சு விடும்?" மூன்று வாரமாகக் காணாமல் போயிருந்த குரல் அது.

புது ரெகுலேட்டர் வெள்ளிக்கிழமை மதியம் வந்தது. மாட்டி, ஓட்டி, சூடேற்றி, நிறுத்தி, பத்து நிமிடம் கழித்துக் கிளப்பினார், தொட்டதும் பிடித்தது. அப்படியே ஏழு தடவை. ஆனாலும் ராத்திரி சாப்பிடும்போது அவர் முகம் தெளியவில்லை. வண்டி சரியானால் குடோனுக்குப் போகவேண்டாம் என்றுதான் பேச்சு. சரியாகிவிட்டது. ஆனால் டாக்டர் அம்மா வந்து எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்பாரே, அதற்கு என்ன சொல்வது? தையல்காரி எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை.

சனிக்கிழமை காலை பல் டாக்டர் அம்மா வந்தார். புது சீட்டைத் தடவிப் பார்த்தார், இன்ஜின் சத்தத்தைக் கேட்டார், குழந்தை மாதிரி கைதட்டினார்.

"எனக்குத் தெரியும் மாஸ்டர்! கடைசில மோந்து பாத்துக் கண்டுபிடிச்சீங்களா?"

தையல்காரி மெஷினில் வைத்த காலை மிதிக்காமல் நிறுத்தினாள்.

மூக்கர் கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "இல்லம்மா," என்றார். "என் மூக்கு போயிடுச்சு. காய்ச்சல்ல போனது, இன்னும் வரல. மொத நாளே மோந்து பாத்து நல்லா இருக்குன்னு டிக் போட்டது நான்தான். அந்தத் தப்புல மூணு வாரம் உங்கள அலைய விட்டுட்டேன். கண்டுபிடிச்சது என் வீட்டுக்காரி."

டாக்டர் அம்மாவின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. அந்த நேரத்தில் மூக்கர் தம்முடைய ஷெட்டை, கூரையை, சுவரை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்ததைத் தையல்காரி பார்த்தாள்.

"எனக்கு வாங்கின நாள்லேருந்தே பெட்ரோல் வாடை வந்துச்சு மாஸ்டர்" என்றார் டாக்டர் அம்மா தயங்கி. "உங்ககிட்ட போயி வாடை வருதுன்னு சொன்னா நல்லாவா இருக்கும்னு சொல்லாம விட்டேன். வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்."

மூக்கர் பானெட்டைத் தூக்கிக் காட்டினார்.

"இப்போ வாடை சுத்தமா போயிடுச்சா?"

கேட்டதும் பழக்கதோஷத்தில் அவர் இன்ஜின் மேல் குனிந்துவிட்டார். மூக்கு குழாயை நெருங்கியது. அப்படியே நின்றார். நிமிர்ந்தார்.

"எனக்குத் தெரியல" என்றார். திரும்பி, "ஏய், நீ வந்து பாத்து சொல்லு" என்றார்.

அவள் ஊசியை ரெக்சினில் குத்தி வைத்துவிட்டு எழுந்து வந்தாள். குழாயை உருவினாள். நிதானமாக மோந்தாள். உள்ளே சீட்டுப் பக்கம் போய் ஒரு தடவை மோந்தாள்.

"புதுத்தோல் வாடைதான் வருது. பெட்ரோல் இல்ல."

அவர் சுவருக்குப் போய், ஏழாவது வரியில் இருந்த டிக்கை உள்ளங்கையால் அழித்தார். சாக்பீஸை அவளிடம் நீட்டினார். அவள் தயங்கி வாங்கி, கோணலும் மாணலுமாக ஒரு டிக் போட்டாள்.

டாக்டர் அம்மா பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினார். கிளம்பியவர் கண்ணாடியை இறக்கி, "பிரேக் கொஞ்சம் இடது பக்கம் இழுக்குது மாஸ்டர். திங்கக்கிழமை கொண்டுவந்து விடட்டுமா?" என்று கேட்டார்.

"விடுங்கம்மா."

வண்டி தெருமுனையில் திரும்பும்வரை இருவரும் வாசலில் நின்றார்கள். பிறகு மூக்கர் சொன்னார்:

"உன் தம்பிக்கு ஒரு ஃபோன் போடு."

"என்னன்னு சொல்ல?"

"திங்கக்கிழமை நமக்கு வேலை இருக்குன்னு சொல்லு."